சத்திர வைத்தியர் உருவாகும் விதம்

(நல்லதண்ணியில் நடைபெற்ற மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



ஆண்டு மலரிலே இடம்பெறும் பேச்சுக்கள் பெரும்பாலும் சமயத்தைப் பற்றியோ, கல்வியின் பெருமையைப் பற்றியோ அமைவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சற்று வேறானது. நம் லயத்திலே ஒருவருக்கு வயிற்று வலி காண்கிறது. டிக்கோயா ஆசுபத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். தேவையானால் அங்கிருந்து கண்டிக்கு அனுப்புகிறார்கள். வயிற்றைத் திறந்து சுகப்படுத்தி வீட்டுக்கு விடுகிறார்கள். பார்க்கப் போகிற சுற்றத்தார் முதலிலே கேட்பது, "இப்ப எப்படி இருக்கு?" என்பது. அடுத்தபடி கேட்பது, "வெட்டினது பெரிய டாக்டரா, படிக்கிற பிள்ளையா?" என்பது. படிக்கிற பிள்ளை என்று பதில் வந்தால் கேட்டவரின் முகம் சுருங்குகிறது. ஏழைகள் என்பதால் நம்மேல் கத்தி பழகுகிறார்கள் என்று ஒரு பெருமூச்சும் வருகிறது.

அந்த இரண்டாவது கேள்விக்குத் தக்க விடை சொல்வதே இந்தப் பேச்சின் நோக்கம். நாம் வைத்தியரல்லோம். வாட்டிலே நோயாளருக்குத் துணையிருந்து கண்டதையும், வைத்தியர்களைக் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்ததையுமே சொல்லப் போகிறோம்.

முதலிலே ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். வேறு பல வித்தைகளைப் புத்தகத்தைக் கொண்டு பெருமளவு கற்றுவிடலாம். சத்திர வைத்தியத்தை அப்படிக் கற்க முடியாது. கை பழக வேண்டும். அந்தக் கை உயிருள்ள உடம்பிலேதான் பழக வேண்டும். எவ்வளவு பெரிய நிபுணராயினும் அவருடைய வாழ்விலும் முதல் அறுவை என்று ஒன்று இருந்தே தீரும். அப்படியானால், முதல் முறை கத்தி எடுக்கும் கையினால் நோயாளிக்குக் கெடுதி நேராமல் காப்பது எப்படி? பழங்காலம் முதல் இன்றுவரை சத்திர வைத்தியம் கற்பித்தவர்கள் எல்லோரும் இந்த ஒரு கேள்விக்கே விடை தேடியிருக்கிறார்கள்.

நம் பாரத தேசத்து சுசுருதர் இதற்கு ஒரு விடை சொன்னார். அவர் பெயரால் வழங்கும் சங்கிதையிலே, மாணவன் சாத்திரம் முழுவதையும் ஓதியிருந்தாலும் செய்கையிலே பழகாவிட்டால் தொழிலுக்கு உதவான் என்று கண்டு, பழகுவதற்கென்றே ஓர் அத்தியாயம் வகுத்திருக்கிறார். பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களிலே வெட்டப் பழக வேண்டும். நீரும் சேறும் நிரப்பிய தோற்பையிலே பிளக்கப் பழக வேண்டும். தாமரைத் தண்டிலும் செத்த விலங்கின் நாளத்திலும் குத்தப் பழக வேண்டும். தடித்த துணியிலே தையல் போட வேண்டும். ஆளளவு பொம்மைக்குக் கட்டுப் போட வேண்டும். இவையெல்லாம் முடிந்த பின்னரே மனித உடம்பு. இக்காலத்து மருத்துவப் பீடங்களிலே செயற்கைத் தோலில் தையல் பழக்குவதையும், பெட்டிக்குள்ளே கருவியை விட்டுக் குழாய்வழி அறுவை பழக்குவதையும் பார்க்கும்போது, சுரைக்காய் உருமாறி வந்திருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் இலங்கைத் தீவிலே தமிழ் மொழியில் இந்த வித்தையைக் கற்பித்த ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே இளைஞர்களைச் சேர்த்து மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். சமயம் பரப்ப வந்த கூட்டத்தைச் சேர்ந்தவரேயாயினும் அவர் தமிழுக்குச் செய்த தொண்டை மறக்கலாகாது. நம் நாவலர் பெருமான் பிறந்த 1822ஆம் ஆண்டிலேதான் அவரும் பிறந்தார் என்பது ஒரு விசேஷம். 1864 முதல் அவர் தமிழிலேயே பாடம் நடத்தினார். அதற்கென மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். சத்திர வைத்திய நூல் 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் அச்சாகியது. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை நட்டார். வடக்கே தமிழ் இளைஞர் சத்திர வைத்திய நூலைத் தமிழிற் படிக்கத் தொடங்கிய வருஷமும், மலைநாட்டிலே நம் முன்னோர் கையிலே கொழுந்துக் கூடை ஏறுவதற்கு வித்திட்ட வருஷமும் ஒன்றே. அவர்கள் பாதை ஒன்றாகவும் நம் பாதை வேறாகவும் போயின. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இனி இக்கால வழியைச் சொல்லுவோம். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. பேராதனையில் மருத்துவ பீடம் 1962இலும், யாழ்ப்பாணத்தில் 1978இலும் தோன்றின. இன்று இவையன்றி வேறு பீடங்களும் உண்டு. உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவிலே தேறி, உரிய புள்ளி பெற்று நுழைகிறவர் 5 ஆண்டு படிக்கிறார். முன்பாதியிலே உடற்கூறும் உடற்றொழிலும். பின்பாதியிலே நாள்தோறும் வாட்டு. இறுதி ஆண்டிலே வைத்தியம், சத்திர வைத்தியம், பிள்ளை வைத்தியம், மகப்பேறு, மனநோய் என்று பேராசிரியர்களின் பிரிவுகளிலே மாறி மாறி நிற்க வேண்டும். நீங்கள் கண்டியிலோ பேராதனையிலோ நோயாளியாகப் படுத்திருந்தபோது, குட்டை வெள்ளைச் சட்டையோடு கட்டிலைச் சுற்றி நின்று, "ஐயா, வலி எப்ப தொடங்கியது?" என்று ஐந்தாவது ஆளாகவும் கேட்டவர்கள் இவர்களே. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிவதுதான் சத்திர வைத்தியத்தின் முதல் ஆயுதம்.

ஏனென்றால் பாருங்கள்: குடல்வால் வீங்கினால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கிப் பின்பு வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும். தொடங்கிய இடத்தைக் கேளாமல் இப்போது வலிக்கிற இடத்தை மட்டும் கேட்டவர் ஏமாறக்கூடும். இந்த இடத்திலே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இப்படி இடம் மாறும் வலியோடு வாந்தியும் காய்ச்சலும் கண்டால், வயிறு கழுவட்டும் என்று பேதி மருந்து கொடுக்க வேண்டாம். சாப்பாடும் கொடுக்காமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள். வீங்கிய குடல்வால் உடைந்துவிட்டால் சிறிய அறுவை பெரிய அறுவையாகிவிடும்.

பட்டப் பரீட்சை தேறியவர் உடனே முழு வைத்தியராகிவிடுவதில்லை. மருத்துவச் சபை தற்காலிகமாகவே பதிவு கொடுக்கிறது. ஓராண்டு உள்ளகப் பயிற்சி செய்ய வேண்டும். 6 மாதம் பொது வைத்தியத்திலோ பிள்ளை வைத்தியத்திலோ, 6 மாதம் சத்திர வைத்தியத்திலோ மகப்பேற்றிலோ. ஆங்கிலத்திலே இவரை 'ஹவுஸ் ஆபிசர்' என்பர். அமெரிக்காவிலே 'ரெசிடென்ட்' என்பார்கள். இரண்டு பெயருக்கும் கருத்து ஒன்றே: ஆசுபத்திரியிலேயே குடியிருப்பவர்.

குடியிருப்பவர் என்பது வெறும் சொல்லன்று. பொழுது விடியுமுன் வாட்டுக்கு வருகிறார். இரத்தம் எடுப்பதும், இரவு காய்ச்சல் அடித்தவரைப் பார்ப்பதும், அன்று தியேட்டருக்குப் போகிறவர் பட்டினியாய் இருக்கிறாரா என்று விசாரிப்பதும் அவர் கடமை. நிபுணர் சுற்றி வரும்போது ஒவ்வொரு கட்டிலுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். சொன்ன கட்டளைகளை எல்லாம் எழுதி நிறைவேற்ற வேண்டும். அந்தப் பிரிவின் அவசர நோயாளர் நாள் என்றால் இரவு முழுவதும் ஆம்புலன்சின் சத்தமே தாலாட்டு. தோட்டத்திலே விடியற்காலை பிரட்டுக்கு நின்று பழகிய நமக்கு இந்த உழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

தியேட்டருக்குள்ளே இவருக்குக் கிடைக்கும் முதல் வேலை வெட்டுவதன்று, பிடிப்பது. திறந்த வயிற்றின் விளிம்பை ஒரு வளைந்த தகட்டினால் விலக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரமும் மூன்று மணி நேரமும் அசையாமல் நிற்பார். கை மரத்துப்போகும். ஆனால் அந்த நேரத்திலே கண் படிக்கிறது. தோல், கொழுப்பு, தசை, அதன் கீழ் மெல்லிய சவ்வு என்று எந்தப் படலம் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது. இரத்தம் பீறிடும்போது பெரியவர் பதறாமல் விரலால் அமுக்கிக்கொண்டு எப்படிக் காத்திருக்கிறார். எந்த இடத்திலே பேச்சை நிறுத்திவிட்டு மூச்சையும் அடக்கிக்கொண்டு வெட்டுகிறார். படத்திலே சிவப்பும் நீலமுமாய் அழகாக எழுதியிருக்கும் நாளங்கள் உடம்பிலே அப்படி நிறம் காட்டி நிற்பதில்லை என்பதை அங்கேதான் உணர்கிறார்.

அடுத்தபடி நூலின் நுனியை வெட்டுவது. பின்பு முடிச்சுப் போடுவது. வீட்டிலே கதிரைக் காலில் நூலைக் கட்டி ஆயிரம் தடவை முடிச்சுப் போட்டுப் பழகாத சத்திர வைத்தியர் இல்லை எனலாம். பின்பு தோலைத் தைப்பது. அதன் பின்பு சீழ்க்கட்டியைத் திறப்பது. கவ்வாத்துக் கத்தி பட்ட காலைக் கழுவித் தைப்பது போன்றவை. ஒவ்வொன்றும் முதலிலே பார்த்து, பின்பு துணை நின்று, பின்பு பெரியவர் எதிரே நிற்கத் தானே செய்து, கடைசியிலே பெரியவர் கூப்பிடு தூரத்தில் இருக்கத் தனியே செய்து என்று நான்கு கட்டமாக வருவது. இந்த நான்கையும் தாண்டாமல் அடுத்த வேலைக்குக் கை போகக் கூடாது. இதுதான் சுசுருதர் காலத்துக் கேள்விக்கு இக்காலத்தார் கண்ட விடை.

இந்த ஒழுங்கை மேலைநாட்டிலே உறுதியாக நிலைநாட்டியவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆசுபத்திரியில் இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட் என்பவர். அந்த ஆசுபத்திரி 1889இல் திறந்தது. அதுவரை அங்கே பலர் ஓரிரு வருஷம் ஒருவரோடு திரிந்துவிட்டுக் கத்தி எடுத்தார்கள். ஹால்ஸ்டெட் ஆசுபத்திரிக்குள்ளேயே தங்கவைத்து, வருஷத்துக்கு வருஷம் பொறுப்பை உயர்த்தி, இறுதியில் முழுப் பொறுப்பும் கொடுத்துப் பழக்கினார். அவர் முறையிலே ஒரு கடுமை இருந்தது: அடிவாரத்தில் பலர், உச்சியில் ஒருவர். இடையிலே கழிந்தவர் கழிந்தவர்தான். பிற்காலத்தார் அந்தக் கூம்பைத் தளர்த்தி, தகுதியோடு சேர்ந்தவர் எல்லோரும் முடித்துப் போகும்படி மாற்றினார்கள். இன்று அமெரிக்காவிலே பொதுச் சத்திர வைத்தியப் பயிற்சி 5 ஆண்டு. அதற்குள் குறைந்தது 850 பெரிய அறுவைகள் கணக்கிலே காட்ட வேண்டும். தூக்கமின்றி வேலை வாங்குவதால் தவறு நேரும் என்று பெரிய வழக்குகளும் விவாதங்களும் அங்கே நடந்து, 2003 முதல் கிழமைக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று விதியும் வந்தது. 80 மணி நேரம் என்பதே அங்கே சலுகையாக வந்தது என்றால், அதற்கு முந்திய நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்!

நம் நாட்டிலே முன்பு சத்திர நிபுணராக விரும்பியவர் கப்பலேறி இங்கிலாந்து சென்று, அங்குள்ள இராயல் கல்லூரியின் பட்டம் பெற்றுத் திரும்ப வேண்டும். போனவர்களிற் சிலர் திரும்பவில்லை. 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பட்டப்பின் மருத்துவ நிறுவகம் ஏற்பட்டது. அது முதல் நிபுணர்களை நம் நாட்டிலேயே பயிற்றும் ஒழுங்கு நிலைபெற்றது. உள்ளகப் பயிற்சி முடித்து, அரசாங்க வைத்தியராகச் சிறிது காலம் வேலை பார்த்தவர், தெரிவுப் பரீட்சை எழுதுகிறார். அதிலே தேறுவது எளிதன்று. தேறினால் 'ரெஜிஸ்ட்ரார்' என்ற பெயரோடு ஏறக்குறைய 3 ஆண்டு பயிற்சி.

இந்த 3 ஆண்டைத்தான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். நம்மவர் 'படிக்கிற பிள்ளை' என்று சொல்லுவது பெரும்பாலும் இந்த ரெஜிஸ்ட்ராரைத்தான். அவருக்கு வயது முப்பதை நெருங்கியிருக்கும். இவரை ஓரிடத்திலே இருக்கவிடுவதில்லை. சில மாதம் ஒரு பொதுச் சத்திரப் பிரிவு, பின்பு வேறொரு நிபுணரின் பிரிவு. இடையிலே எலும்பு முறிவு, சிறுநீர்த் தொகுதி, குழந்தைகள், தலைக்காயம், தீக்காயம், தீவிர சிகிச்சை என்று தனித்துறைகளிலே சுற்று. ஊர் விட்டு ஊர் பெட்டி தூக்க வேண்டும். மனைவி ஓரிடம், பிள்ளை ஓரிடம்.

ஏன் இந்த அலைச்சல்? இரண்டு காரணம் உண்டு. ஒரே குருவிடம் மட்டும் கற்றவர் அந்தக் குருவின் கைப்பழக்கத்தையே வேதமாக எண்ணிவிடுவார்; ஐந்து பேரிடம் கற்றவர் ஒரே நோய்க்கு ஐந்து வழி உண்டென்று அறிவார். மற்றது, பொதுச் சத்திர வைத்தியர் நாளைக்குப் போய் நிற்கப் போவது எல்லாத் துறைக்கும் தனி நிபுணர் உள்ள பெரிய ஆசுபத்திரியில் மட்டுமன்று. மலைப் பாதையிலே வான் கவிழ்ந்து நாலு பேர் நள்ளிரவிலே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குத் தலை, ஒருவருக்கு ஈரல், ஒருவருக்குத் தொடை எலும்பு, ஒரு குழந்தைக்கு வயிறு வீங்குகிறது. யாரை முதலில் தியேட்டருக்கு எடுப்பது, யாரைக் கண்டிக்கு அனுப்புவது, அனுப்புமுன் எந்த இரத்தப் பெருக்கை நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்த ஒருவரே. உடுவப் போயாவிலிருந்து வெசாக் போயா வரைக்கும் நம் ஊர் வழியாகப் பாதமலை ஏறும் கூட்டத்தை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது கற்பனையாகத் தோன்றாது.

வெட்டத் தெரிவதைக் காட்டிலும் அரிது, வெட்ட வேண்டாம் என்று தெரிவது. கல்லடைப்பு வலியும் குடல்வால் வலியும் ஒரே பக்கத்திலே வரலாம். மாரடைப்புக் கூட மேல்வயிற்று வலியாக வேஷம் போட்டு வரும். கத்தியை எடுத்துவைத்துக்கொண்டு, இன்னும் நாலு மணி நேரம் பொறுத்து மறுபடியும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்போம் என்று சொல்லும் துணிவு பல வாட்டுகளிலே பல இரவுகளைக் கழித்தவருக்கே வரும். பயிற்சிச் சுற்றின் பெரும்பகுதி இதற்காகத்தான் செலவாகிறது என்பது நம் கருத்து.

அந்த ஆண்டுகளிலே ரெஜிஸ்ட்ரார் தாம் செய்தவற்றையும் துணை நின்றவற்றையும் குறிப்பேட்டிலே பதிகிறார். மேற்பார்த்த நிபுணர் கையொப்பம் இடுகிறார். முடிவிலே எழுத்தும் வாய்மொழியும் நோயாளரைப் பார்த்துச் சொல்வதுமாகப் பெரிய பரீட்சை. தேறியவர் மூத்த ரெஜிஸ்ட்ரார் ஆகிறார். மேற்கொண்டு உள்நாட்டிலே ஓராண்டும், இங்கிலாந்து, அவுஸ்திரேலியா போன்ற நாடொன்றிலே ஓராண்டும் என்ற அளவிலே பயின்று, அதன் பின்பே நிபுணர் என்ற சான்று. கூட்டிப் பாருங்கள். 20, 21 வயதிலே பீடத்துக்குள் நுழைந்தவர் நிபுணராக வெளியே வரும்போது முப்பத்தைந்தைத் தொட்டுவிடுவார். வெளிநாடு போனவர் திரும்பி வந்து சேவை செய்ய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தே போகிறார். எனினும் 2022இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டைவிட்டுப் போன வைத்தியர் பலர். அவர்களை வைய நமக்கு மனமில்லை. ஆனால் ஒருவர் போனால் 15 வருஷ உழைப்பு போகிறது என்பதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புதிதாய்ச் சான்று பெற்றவர்களுக்கு முதல் நியமனம் பெரும்பாலும் தலைநகருக்கு அப்பாலுள்ள ஊர்களிலே கிடைப்பது வழக்கம். இந்திய அரசின் உதவியோடு கட்டி 2017 மே மாதம் 12ஆம் தேதி இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்த டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற இடங்களுக்குக் கட்டிடம் ஒருமுறை கிடைத்தாற் போதும். சத்திர நிபுணரோ இடமாற்றத்துக்கு இடமாற்றம் மீண்டும் மீண்டும் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் மாறிப் போகும்போது "நல்ல டாக்டர், போயிட்டாரே" என்று நாம் வருந்துகிறோம். அவர் போவதும் அடுத்தவர் வருவதும் இந்தப் பெரிய சுற்றின் ஒரு பகுதிதான்.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். பெரிய டாக்டரா, படிக்கிற பிள்ளையா?

நாம் அறிந்த பெரியவர் ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாம். பல வருஷமாகக் குடலிறக்கம். மூட்டை தூக்கிய உடம்பு. ஓர் ஆசுபத்திரியிலே நாள் குறித்துச் சேர்த்துக்கொண்டார்கள். அறுவை செய்யப் போகிறவர் ஓர் இளம் ரெஜிஸ்ட்ரார் என்று பக்கத்துக் கட்டிற்காரர் சொல்லிவிட்டார். நம்மவர் இரவோடிரவாகச் சாரத்தை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி வீடு வந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து ஒரு நள்ளிரவிலே இறங்கிய குடல் திரும்ப உள்ளே போகவில்லை. வாந்தி, வீங்கிப்போன வயிறு. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரவிலே தியேட்டரிலே நின்றவர் அதே ரெஜிஸ்ட்ரார்தான். நிபுணரை வீட்டிலிருந்து வரவழைத்து, அவர் எதிரே நிற்க, செத்துப்போயிருந்த ஒரு முழக் குடலை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைத்துத் தைத்தார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். பகலிலே அரை மணியில் முடியவேண்டிய வேலை இரவிலே மூன்று மணி நேரம் பிடித்தது. வீட்டுக்கு வர மூன்று கிழமை. எந்தக் கைக்கு அஞ்சி ஓடினாரோ அந்தக் கையே அவரைக் காப்பாற்றியது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "யார் வெட்டுகிறார்?" என்பதோடு நிற்காமல், "யார் மேற்பார்க்கிறார்? சிக்கல் வந்தால் யார் வருவார்?" என்று கேட்க வேண்டும். தாராளமாகக் கேட்கலாம். அறுவைக்கு முன் சம்மதப் பத்திரத்திலே கையொப்பம் வாங்குகிறார்கள் அல்லவா? அது விளங்காமல் பெருவிரல் வைப்பதற்கான காகிதமன்று. என்ன நோய், என்ன செய்யப் போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன, செய்தால் என்ன ஆபத்து என்பவற்றை நமக்கு விளங்கும் மொழியிலே கேட்டறிய நமக்கு உரிமை உண்டு. வைத்தியருக்குத் தமிழ் வராவிட்டால் தமிழறிந்த தாதியையோ ஊழியரையோ அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள். மன்றத்து இளைஞர்களே, வாட்டுக்குத் துணைபோகும்போது பழமும் பிஸ்கட்டும் மட்டும் கொண்டு போகாமல், இந்த நாலு கேள்வியையும் கொண்டு போங்கள். பயிற்சி வைத்தியருக்கும் அதனால் நன்மையே. கேள்வி கேட்கும் நோயாளியின் முன்னே அசட்டையாக இருக்க யாராலும் முடியாது.

இன்னுமொன்று. 1867ஐப் பற்றிச் சொன்னோமல்லவா? நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இந்த நாட்டு ஆசுபத்திரிகளிலே நம் மக்களின் உடம்பிலும் வைத்தியர் பலர் கை பழகியிருக்கிறார்கள். அதிலே நமக்குக் குறையில்லை. நோயும் தீர்ந்தது, வித்தையும் வளர்ந்தது. ஆனால் கட்டிலில் கிடந்த அளவுக்கு நம்மவர் கட்டிலின் அருகே வெள்ளைச் சட்டையோடு நிற்கவில்லை. 1948இலே குடியுரிமை போயிற்று. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் ஏற்றது எழுபதுகளிலே. குடியுரிமைச் சிக்கல் சட்டத்தால் முற்றாகத் தீர்ந்தது 2003இலே. ஒரு தலைமுறையின் ஏணியில் இத்தனை படி முறிந்திருந்தது. இன்று மலையகத்திலிருந்து வைத்தியர்கள் வருகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் பட்டத்தோடு நின்றுவிடாமல் அதற்கு மேலும் பத்து வருஷம் ஏறிச் சத்திர நிபுணராகிறவர் இன்னும் வர வேண்டும். அதற்குத் தடையாக நிற்பது வெளியார் மட்டுமல்லர்.

பெரியோர்கள் கோபிக்கக் கூடாது. பிள்ளை டாக்டராகிவிட்டான் என்றதும் தம்பியின் படிப்பு, தங்கையின் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் அவன் தலையிலே ஏற்றுகிறோம். மகள் என்றாலோ, இருபத்தேழு வயதாகிவிட்டதே, இனி என்ன படிப்பு என்கிறோம். இந்த நாட்டிலே மருத்துவ பீடங்களுக்குள் நுழைகிறவர்களிலே பெண்கள் பாதிக்கு மேற்பட்டவர்கள். சத்திர வைத்தியத்திலே அவர்கள் குறைவு. திறமை குறைவாலன்று, அந்தப் பத்து வருஷத்தை வீடு அவர்களுக்குக் கொடுப்பதில்லை. நம் வீட்டுப் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை விரலால் அளந்து இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிறார்கள்! அந்த விரலுக்கு நிதானம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

பணத்தைப் பற்றிய பயம் பலருக்கு உண்டு. அதிலே பாதி தேவையற்றது. அரசாங்கப் பல்கலைக்கழகத்திலே கட்டணம் இல்லை. 1981 முதல் மகாபொல உதவிப் பணம் உண்டு. உள்ளகப் பயிற்சிக்கும், அதற்குப் பின் நிபுணராகும் வரையுள்ள பயிற்சிக்கும் சம்பளம் உண்டு. பல்கலைக்கழக அனுமதியிலே நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய தகுதிக்கும், 55 மாவட்ட அடிப்படைக்கும், மிகுதி 5 கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று ஒதுக்குகிறார்கள். நம் நுவரெலியா அந்தப் பதினாறிலே ஒன்று. ஆகவே வாசல் அடைத்திருக்கவில்லை. வாசலுக்குப் போகும் பாதையிலேதான் பள்ளம். உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு இரசாயனமும் பௌதிகமும் உயிரியலும் படிப்பிக்கும் ஆசிரியர்கள் மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் போதாது என்பது இங்கு எல்லோரும் அறிந்தது. மஸ்கெலியாவுக்கோ ஹட்டனுக்கோ போய்ப் படித்துவிட்டு மாலை பஸ்ஸிலே வந்திறங்கும் பிள்ளைக்கு, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவிலே, தொலைக்காட்சிச் சத்தத்தினிடையே, மனித இதயத்தின் நான்கு அறைகளை வரைந்து படிக்க இடமில்லை என்பதும் எல்லோரும் அறிந்தது.

இதற்கு நாம் கொழும்பையோ டில்லியையோ கேட்க வேண்டியதில்லை. இந்த மன்ற மண்டபத்திலே ஆறு மேசை இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது, கூட்டம் இல்லாத நாட்களிலே மாலை 6 மணிக்குப் பின் கதவு பூட்டிக் கிடக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இந்த வட்டாரத்திலே எத்தனை பேர் என்று இளைஞர்கள் எண்ணிச் சொல்லட்டும். கதவின் சாவி யாரிடம் இருக்கும், எந்தெந்த நாளில் யார் வந்து திறப்பார் என்பதை, நன்றியுரைக்கு முன்னதாகவே, தலைவர் அவர்கள் இந்தச் சபையிலே சொல்லிவிட வேண்டும் என்று கேட்டு அமர்கிறோம்.